சாவி யார் கையில்? பணியில் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களின் நிறுவனங்களுக்கு நியூயார்க் மாநிலம் தரும் சான்றிதழ்

அமெரிக்காவில் ஒரு மாநில அரசு வாங்காத பொருள் இல்லை என்றே சொல்லலாம். சாலைக்குத் தார், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குக் கண்ணாடிக் குழாய், சிறைச்சாலைச் சமையலறைக்கு உருளைக்கிழங்கு, அலுவலகத்துக்கு மென்பொருள், பழைய கட்டடத்துக்குப் புதிய கூரை என்று அது ஆண்டு முழுவதும் டெண்டர் விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, படைப்பணியால் உடலோ மனமோ பாதிக்கப்பட்டுத் திரும்பி, பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கியவர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்று பல மாநிலங்கள் சட்டம் இயற்றியிருக்கின்றன. அந்தப் பங்குக்கு உரியவர் யார் என்று அடையாளம் காட்டுவதற்காக மாநிலம் தரும் சான்றிதழைப் பற்றியதே இக்கட்டுரை. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுவதால், நியூயார்க் மாநிலத்தின் திட்டத்தை நடுவில் வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடங்களில் மட்டும் கலிஃபோர்னியா, டெக்சாஸ், கூட்டாட்சி அரசு ஆகியவற்றின் விதிகளோடு ஒப்பிடுகிறேன்.

இதற்கான சட்டத்தில் 2014 மே 12 அன்று அப்போதைய ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ கையெழுத்திட்டார். மாநிலத்தின் பொதுச் சேவைகள் அலுவலகத்துக்குள் ஒரு தனிப் பிரிவை அது உருவாக்கியது. விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது, சான்றிதழ் வழங்குவது, சான்று பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்திருப்பது, அரசுத் துறைகள் தம் இலக்கை எட்டுகின்றனவா என்று கண்காணிப்பது ஆகியவை அப்பிரிவின் வேலைகள். மாநில ஒப்பந்தங்களின் மதிப்பில் 6 விழுக்காடு இத்தகைய நிறுவனங்களுக்குச் செல்ல வேண்டும் என்பது சட்டம் வைத்த இலக்கு.

இந்தச் சான்றிதழை வீரத்துக்கான பதக்கம் என்றோ, தியாகத்துக்கான நன்கொடை என்றோ எண்ணிக்கொண்டு இதன் விதிகளைப் படித்தால் ஒன்றும் விளங்காது. விண்ணப்பதாரர் நாட்டுக்கு என்ன செய்தார் என்ற கேள்வி ஓரிரு தாள்களோடு முடிந்துவிடுகிறது. மற்றக் காகிதங்கள் எல்லாம் வேறொரு கேள்வியைச் சுற்றியே வருகின்றன. இந்தத் தொழில் உண்மையில் யாருடையது, கல்லாவின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி.

முதலில் அந்த ஓரிரு தாள்களைப் பார்த்துவிடலாம். விண்ணப்பதாரர் படையில் பணியாற்றியதையும், எந்த வகையில் விடுவிக்கப்பட்டார் என்பதையும் டிடி 214 என்ற படிவம் காட்டும். படையிலிருந்து விலகும் ஒவ்வொருவருக்கும் தரப்படும் இந்தத் தாளை அமெரிக்கப் படைவீரர்கள் பிறப்புச் சான்றிதழைப் போல் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். அடுத்தது, கூட்டாட்சி அரசின் முன்னாள் படைவீரர் விவகாரத் துறை தரும் ஊன விழுக்காட்டுக் கடிதம். படைப்பணியின்போது ஏற்பட்ட அல்லது அப்பணியால் முற்றிய குறைபாட்டுக்கு அத்துறை 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாக ஏறும் ஓர் அளவில் மதிப்பிடுகிறது. நியூயார்க் சான்றிதழுக்கு அந்த அளவு குறைந்தது 10 விழுக்காடாக இருக்க வேண்டும்.

பத்து விழுக்காடு என்றால் என்ன என்பதில் வெளியாருக்குப் பெருங்குழப்பம் உண்டு. ஊனமுற்ற படைவீரர் என்றதும் கால் இழந்தவரோ சக்கர நாற்காலியில் வருபவரோதான் நம் கண்முன் நிற்கிறார். ஆனால் பீரங்கி ஒலியையும் விமான எந்திரங்களின் இரைச்சலையும் ஆண்டுக்கணக்கில் கேட்டதால் காதுக்குள் ஓயாமல் ஒலிக்கும் ரீங்காரத்துக்கு அந்தத் துறை தரும் மதிப்பு 10 விழுக்காடு. எதிரே உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினாலும் அந்தக் குறை நமக்குத் தெரியாது. போருக்குப் பிந்தைய மனவடுவும் இப்படித்தான். ஆகவே, பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார், இவருக்கு எதற்குச் சலுகை என்ற கேள்விக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. மருத்துவ மதிப்பீடு வேறிடத்தில் முடிந்துவிட்டது. மாநிலம் அந்தக் கடிதத்தை ஏற்றுக்கொள்கிறதே தவிர, தானாக ஒரு மருத்துவரை வைத்துச் சோதிப்பதில்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் இருந்தால் விழுக்காடுகளை அப்படியே கூட்டுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருவருக்கு முதுகில் 50, முழங்காலில் 30 என்று மதிப்பிட்டிருந்தால் மொத்தம் 80 ஆகாது. முதல் குறைபாடு 50 விழுக்காட்டை எடுத்துக்கொண்டபின் அவரிடம் எஞ்சியிருக்கும் திறன் 50. அந்த 50இல் 30 விழுக்காடு 15. ஆக மொத்தம் 65. அதை அருகிலுள்ள பத்துக்கு உயர்த்தி 70 என்று எழுதுவார்கள். விண்ணப்பத்தில் தாமாகவே கூட்டி ஓர் எண்ணை எழுதிவிடாமல் கடிதத்தில் உள்ள எண்ணையே எழுத வேண்டும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

10 என்ற வரம்பு எல்லா இடத்துக்கும் பொதுவானதன்று. கலிஃபோர்னியாவும் 10 விழுக்காட்டையே கேட்கிறது. டெக்சாஸ் 20 கேட்டது. கூட்டாட்சி அரசின் திட்டத்திலோ குறைந்தபட்ச அளவே கிடையாது. 0 விழுக்காடு என்று கடிதம் வந்திருந்தாலும் போதும். பூஜ்ஜியம் என்பது குறைபாடே இல்லை என்று சொல்வதாகத் தோன்றலாம். குறைபாடு இருக்கிறது, அது படைப்பணியால் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம், ஆனால் மாதந்தோறும் ஈட்டுத்தொகை தரும் அளவுக்கு இன்னும் கடுமையாகவில்லை என்பதே அதன் பொருள். அப்படிப்பட்ட ஒருவர் வாஷிங்டனில் தகுதி பெற்று, நியூயார்க்கின் தலைநகரான ஆல்பனியில் தகுதி இழப்பார். ஒரே மனிதர், ஒரே காயம், இரண்டு பதில்கள்.

இனி உடைமைக்கு வருவோம். நிறுவனத்தில் குறைந்தது 51 விழுக்காடு, தகுதியுள்ள முன்னாள் படைவீரர் ஒருவருக்கோ அல்லது பலருக்கோ சொந்தமாக இருக்க வேண்டும். இரண்டு நண்பர்கள் ஆளுக்குப் பாதி என்று நேர்மையாகப் பங்கிட்டுக்கொண்டு தொழில் நடத்தினால், அவர்களில் ஒருவர் மட்டும் தகுதியுள்ள படைவீரர் என்றால், அந்த நிறுவனம் தகுதி பெறாது. ஒருவருக்கு 26, இன்னொருவருக்கு 25 என்று இரண்டு படைவீரர்கள் வைத்திருந்து, மீதி 49 ஒரு வெளியாரிடம் இருந்தால் தகுதி பெறும். எண் இங்கே கறார்.

எண்ணை எட்டிவிட்டால் போதுமா என்றால், போதாது. அந்த உடைமை உண்மையானதாகவும், கணிசமானதாகவும், தொடர்ந்து நீடிப்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இந்த மூன்று சொற்களில்தான் பரிசீலகரின் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது. 51 விழுக்காட்டுக்கு ஈடாக அவர் என்ன கொண்டுவந்தார்? பணமா, கருவியா, வருடக்கணக்கில் கற்ற தொழில்திறமையா? பங்குப் பத்திரம் அவர் பெயரில் இருக்கும்போது, இலாபம் அதே விகிதத்தில் அவருக்கு வருகிறதா, அல்லது சம்பளம், வாடகை, ஆலோசனைக் கட்டணம் என்ற பெயர்களில் பெரும்பகுதி மற்றவரிடம் போய்விடுகிறதா? வரிக் கணக்கு, பங்குப் பதிவேடு, வங்கிக் கணக்கில் கையொப்பமிடும் உரிமை பற்றிய தாள், கடன் பத்திரம், குத்தகை ஒப்பந்தம் போன்றவற்றைக் கேட்பது இந்தக் கேள்விகளுக்கு விடை தேடத்தான். தமிழில் பினாமி என்ற ஒரே சொல்லில் நாம் சொல்லிவிடுவதைத் தடுப்பதற்கு அவர்கள் இத்தனை தாள்களைக் கேட்கிறார்கள்.

மூன்றாவது சோதனை கட்டுப்பாடு. விண்ணப்பங்கள் மிகுதியாக இடறி விழக்கூடிய இடம் இதுவே என்பது என் எண்ணம். காரணம், பொய் சொல்லாதவர்களும் இங்கே விழக்கூடும். அன்றாட முடிவுகளைப் படைவீரரே, பிறர் தயவின்றி எடுக்க வேண்டும் என்பது விதி. ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ரோச்செஸ்டர் நகரில் ஒருவர் கட்டடங்களுக்குக் குளிர்சாதன அமைப்பு நிறுவும் தொழில் நடத்துகிறார். 60 விழுக்காடு அவருடையது. 40 விழுக்காடு மைத்துனருடையது. தொடங்கும்போது மைத்துனர் பெருந்தொகை போட்டதால், வழக்கறிஞர் அவருடைய பாதுகாப்புக்காகக் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 10,000 டாலருக்கு மேற்பட்ட எந்தச் செலவுக்கும் இருவர் சம்மதமும் வேண்டும். குடும்பத்துக்குள் இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பரிசீலகரின் கண்ணில், மைத்துனர் தலையசைக்காமல் ஒரு லாரிகூட வாங்க முடியாத ஒருவர் இந்தத் தொழிலைக் கட்டுப்படுத்துகிறார் என்று எப்படிச் சொல்வது? 60 விழுக்காடு இருந்தும் அந்த ஒரு வரி விண்ணப்பத்தைக் கவிழ்த்துவிடலாம்.

அதேபோல, படைவீரர் பகல் முழுவதும் வேறோர் இடத்தில் முழுநேர வேலை பார்த்துவிட்டு மாலையில் மட்டும் எட்டிப் பார்க்கிறார் என்றாலும், டெண்டருக்கு விலை கணக்கிடுவது எப்படி என்று கேட்டால் கூட்டாளியைத் திரும்பிப் பார்க்கிறார் என்றாலும் ஐயம் எழும். எல்லா வேலையையும் அவரே செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பிறர் செய்யும் வேலையை மதிப்பிட்டு ஏற்கவோ மறுக்கவோ தெரிந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியா இதில் சற்று நெகிழ்வானது. அங்கே உடைமையாளர் ஒரு படைவீரராகவும், நிர்வகிப்பவர் தகுதியுள்ள வேறொரு படைவீரராகவும் இருக்கலாம். மறுபக்கம், படைவீரர் கலிஃபோர்னியாவிலேயே நிலையாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அது வைக்கிறது. நியூயார்க் உடைமையாளரின் குடியிருப்பைவிட நிறுவனத்தின் இருப்பையே பார்க்கிறது. மாநிலத்துக்குள் அது கணிசமாகத் தொழில் நடத்தியாக வேண்டும்.

கடுமையாக ஊனமுற்ற ஒருவர் அன்றாட நிர்வாகத்தை எப்படி நடத்துவார் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. யாருக்காகச் சட்டம் இயற்றப்பட்டதோ, அவர்களில் அதிகம் பாதிக்கப்பட்டவரையே கட்டுப்பாட்டு விதி வெளியே தள்ளிவிடக்கூடும். கூட்டாட்சித் திட்டம் இதை முன்னுணர்ந்து, நிரந்தரமான கடும் ஊனமுள்ளவர் சார்பில் அவருடைய வாழ்க்கைத் துணையோ நிரந்தரப் பராமரிப்பாளரோ நிறுவனத்தை நடத்தலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது.

எஞ்சிய நிபந்தனை எளியது. நிறுவனம் சிறுதொழிலாக இருக்க வேண்டும். தன் துறையில் ஆதிக்கம் செலுத்துவதாக இருக்கக் கூடாது. பணியாளர் எண்ணிக்கை எந்தத் தொழிலானாலும் 300ஐத் தாண்டக் கூடாது.

சரி, சான்றிதழ் வந்துவிட்டது. அதனால் என்ன கிடைக்கும்? சான்றிதழ் எந்த ஒப்பந்தத்தையும் கையில் கொண்டுவந்து கொடுப்பதில்லை. 6 விழுக்காடு என்பது இலக்குதான், ஒதுக்கீடு அன்று. ஒரு துறை டெண்டர் விடும்போது, அந்த வேலையை எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிக்க முடியும், அவற்றைச் செய்யக்கூடிய சான்று பெற்ற நிறுவனங்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்து, அந்த ஒப்பந்தத்துக்கான இலக்கை வைக்கிறது. ஒன்றில் அது 6க்குக் கூடலாம், இன்னொன்றில் பூஜ்ஜியமாகலாம். 1 கோடி டாலர் மதிப்புள்ள ஒரு கட்டடப் பணிக்கு 6 விழுக்காடு என்று வைத்தால், பணியை எடுக்கும் பெரிய ஒப்பந்ததாரர் 6 லட்சம் டாலர் வேலையைச் சான்று பெற்ற நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்கத் திட்டமிட்டு, யாருக்கு எந்த வேலை என்று எழுத்தில் தர வேண்டும். முடியவில்லை என்றால், எந்தெந்த நிறுவனங்களை எப்போது அணுகினேன், அவை என்ன பதில் சொல்லின என்பதைக் காட்டி, மனமார முயன்றதை நிரூபித்து விலக்குக் கேட்கலாம். சான்று பெற்ற சிறு நிறுவனங்களில் பலவற்றுக்கு முதல் வாய்ப்பு அரசிடமிருந்து நேராக வராமல், இப்படித் துணை ஒப்பந்தம் தேடும் பெரிய ஒப்பந்ததாரரின் தொலைபேசி அழைப்பாகவே வரும். அந்த அழைப்பு வர வேண்டுமானால், பொதுப் பட்டியலில் தம் தொழிலைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பொதுவான கட்டுமானப் பணிகள் என்று எழுதியவரைவிட, மருத்துவமனைகளுக்குத் தீயணைப்புக் குழாய் அமைப்பவர் என்று எழுதியவரைத் தேடுபவர் எளிதில் கண்டுபிடிப்பார்.

இலக்கைத் தவிர வேறொரு வழியும் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஒப்பந்தத்தைச் சான்று பெற்ற படைவீரர் நிறுவனங்கள் மட்டுமே போட்டியிடும்படி ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தை நியூயார்க் சட்டம் துறைகளுக்குத் தந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் வேறு முறை: 5,000 டாலர் முதல் 2.5 லட்சம் டாலருக்குட்பட்ட கொள்முதல்களில், சான்று பெற்ற இரண்டு நிறுவனங்களிடமாவது விலைப்புள்ளி வாங்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முழு டெண்டர் நடைமுறை தேவையில்லை. அரசுக்கு வேலை விரைவாக முடிகிறது. சிறு நிறுவனத்துக்கோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட டெண்டர் ஆவணங்களோடு போராட வேண்டிய தேவை இல்லாமற்போகிறது. எனக்குத் தெரிந்தவரை, புதிதாகத் தொடங்குபவருக்கு இலக்கைவிட இத்தகைய சிறு கொள்முதலே அதிகம் பயன்படும்.

நியூயார்க் மாநிலத்தில் சிறுபான்மையினர், பெண்கள் ஆகியோரின் நிறுவனங்களுக்கு இதைப் போன்ற தனித் திட்டம் ஒன்று 30 விழுக்காடு இலக்கோடு இயங்குகிறது. இரண்டும் அருகருகே நிற்பதால் ஒன்றுபோலவே தோன்றும். சட்டத்தின் கண்ணில் அவை வெவ்வேறு. 1989இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரம், ஒப்பந்ததாரர்கள் 30 விழுக்காட்டைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்த விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் குரோசன் வழக்கில் தள்ளுபடி செய்தது. இனத்தை அடிப்படையாகக் கொண்ட எந்த ஒதுக்கீடும் மிகக் கடுமையான ஆய்வைத் தாங்க வேண்டும், குறிப்பிட்ட பாகுபாட்டுக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்றது. அதனால்தான் அத்தகைய திட்டங்களை நடத்தும் மாநிலங்கள் பெரும் புள்ளிவிவர ஆய்வுகளைத் திரும்பத் திரும்ப நடத்துகின்றன. படைவீரர் என்பது பிறப்பால் வந்த அடையாளம் அன்று. ஆகவே படைவீரர்களுக்கான முன்னுரிமைக்கு அந்த அளவு ஆய்வு தேவைப்படுவதில்லை. அரசுக்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தால் போதும். மாசசூசெட்ஸ் மாநிலம் அரசு வேலைகளில் படைவீரர்களுக்கு அளித்த முன்னுரிமையால் பெண்கள் பெரிதும் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள் என்ற வழக்கிலும், 1979இல் உச்ச நீதிமன்றம் முன்னுரிமையையே நிலைநிறுத்தியது. ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தைப் படைவீரர் சட்டத்தில் துணிந்து எழுத முடிந்ததற்கு இந்தப் பின்னணியும் துணை செய்கிறது.

இத்தனை கெடுபிடி எதற்கு என்ற முணுமுணுப்பு விண்ணப்பதாரர்களிடம் எழுவது இயல்பே. விடை கூட்டாட்சித் திட்டத்தின் வரலாற்றில் இருக்கிறது. 1999இல் 3 விழுக்காடு இலக்கோடு அது தொடங்கியது. 2003இல் ஒப்பந்தங்களை ஒதுக்கிவைக்கும் அதிகாரம் சேர்ந்தது. ஆனால் முன்னாள் படைவீரர் விவகாரத் துறையின் ஒப்பந்தங்களைத் தவிர மற்றவற்றில், நான் தகுதியுள்ளவன் என்று நிறுவனம் தானே அறிவித்துக்கொண்டால் போதும் என்று நெடுங்காலம் விட்டுவைத்திருந்தார்கள். 2009இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு பத்து நிறுவனங்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தபோது, தகுதியில்லாத அவை ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தங்களைப் பெற்றிருந்தது தெரியவந்தது. படைவீரரை வாடகைக்கு எடுப்பது என்றே இந்த மோசடிக்கு அங்கே பெயர். 2023 ஜனவரி 1 முதல் சிறுதொழில் நிர்வாகம் என்ற கூட்டாட்சி அமைப்பு சான்றளிக்கும் பொறுப்பை முழுவதுமாக ஏற்றது. இலக்கும் பின்னர் 5 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

வாடகை மோசடியின் இன்னொரு வடிவத்தில் நிறுவனமும் உடைமையும் உண்மையாகவே இருக்கும். வேலை மட்டும் இருக்காது. பெரிய ஒப்பந்ததாரர் ஆலையிலிருந்து நேராக ஐம்பது பம்புகளை வாங்கித் தளத்தில் இறக்குகிறார். பில் மட்டும் படைவீரர் நிறுவனத்தின் வழியாகப் போய், அது தன் பங்காகச் சிறு தரகை எடுத்துக்கொள்கிறது. இதை இலக்குக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒப்பந்தத்தில் வரையறுத்த ஒரு பணியைச் சான்று பெற்ற நிறுவனம் தன் பொறுப்பில், தன் ஆட்களையும் மேற்பார்வையையும் கொண்டு நிறைவேற்றியிருக்க வேண்டும். விவரம் தெரியாமல் இதற்கு உடன்படும் சிறு நிறுவனத்துக்கு அந்தத் தரகு பெரும் விலையாக முடியும், சான்றிதழே பறிபோகலாம்.

நியூயார்க் சான்றிதழ் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும், கூட்டாட்சிச் சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கு. ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது; கலிஃபோர்னியாவில் பெற்றதை நியூயார்க்கில் காட்டவும் முடியாது. இடையில் பங்குகள் கைமாறினாலோ நிர்வாகம் மாறினாலோ சான்றளித்த பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். 51 விழுக்காட்டில் இருப்பவர் புதிய முதலீட்டாளருக்கு இரண்டு விழுக்காடு விற்றாலே தகுதி போய்விடும் என்பதை விற்கும் அவசரத்தில் மறந்துவிடக் கூடாது.

விண்ணப்பிக்க நினைப்பவர் இணையப் படிவத்தைத் திறப்பதற்கு முன் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து, தம் நிறுவனத்தின் கூட்டு ஒப்பந்தத்தையும் துணைவிதிகளையும் வரிவரியாகப் படிப்பது நல்லது. ஒருமனதாக, இருவர் சம்மதத்துடன், கூட்டாளியின் முன் அனுமதியோடு என்ற சொற்கள் எங்கெல்லாம் வருகின்றனவோ அங்கெல்லாம் கோடிட்டுக்கொண்டு, வழக்கறிஞரைப் பார்க்கப் போகலாம். ரோச்செஸ்டர் மைத்துனர் அதற்குச் சம்மதிப்பாரா என்பது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டியது.